பூப்போட்ட பாரசீகப் படை

பொலேத் அந்தக் காரியத்தை நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். பிற்பாடு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அதைத்தான் முதலில் சொன்னாள். சாமியார் வியட்நாமியர். இருநூற்றுப் பன்னிரண்டு பாரசீக வீரர்களை அசிட்டோனில் ஊறப்போட்டுவிட்டேன் என்று ஒருத்தி வந்து முழங்காலிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

"உயிரோடவா?" என்று கேட்டார்.

உயிரோடு இல்லை. எல்லாம் ஈயம். ஒவ்வொருவனும் ஓர் அங்குல உயரம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய பாரசீகப் படை. அதை நாற்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் யாரோ ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள். பழங்காலத்துச் சண்டைகளை மேஜைமேல் பரப்பி, அளவுகோலும் பகடையுமாக மறுபடி போட்டுப் பார்க்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சைகோனின் கான் ஹொய் பகுதியில், பொலேத்தின் நக அலங்காரக் கடைக்கு மேல்மாடியில், அவளுக்குப் புருஷனாக இருந்தார்.

லூயிக்கு வேலை கப்பல் ஏஜெண்டு ஆபீஸில். புருஷன் பெண்டாட்டி இருவருமே சைகோனில் பிறந்தவர்கள். அப்பாமார்கள் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தோடு வந்தவர்கள். எழுபத்தைந்தில் ஊர் கைமாறியபோது சொந்தபந்தமெல்லாம் பாரிஸுக்கும் பாண்டிச்சேரிக்கும் கிளம்பிப் போயிற்று. இவர்கள் இரண்டு வீட்டிலும் மட்டும் இன்றைக்குக் கிளம்பலாம், நாளைக்குக் கிளம்பலாம் என்று இழுத்தடித்து, கடைசியில் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியிலேயே திரும்ப அடுக்கிவிட்டார்கள். கிளம்பிப்போன ஒரு பிரெஞ்சு சரித்திர வாத்தியார், போகிற போக்கில் தன் மாணவன் லூயி கையில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். அதில் நாற்பது பாரசீகர்கள். பன்னிரண்டு வயதில் தொற்றிய அந்த நோய் லூயிக்கு ஐம்பதை நெருங்கியும் விடவில்லை. இன்டர்நெட் வந்ததும் முற்றிப்போயிற்று. இங்கிலாந்தில் எந்தக் கிழவர் கண்ணை மூடினாலும், அவர் பரணிலிருந்து இறங்குகிற டப்பாவில் பாரசீகர்கள் உண்டா என்று இவர் இங்கிருந்து துக்கம் விசாரிப்பார்.

அதிலும் புதிதாக வார்த்தது ஆகாது. இன்றைக்கு அதே ஆட்களை மூக்கும் முழியுமாக வார்த்து விற்கிறார்கள். லூயிக்கு எழுபதுகளின் அச்சுதான் வேண்டும். அந்த அச்சில் மூக்கு மழுங்கியிருக்கும், கை துடுப்பு மாதிரி இருக்கும், பாதிப்பேருக்கு ஒரே முகம். "அதுதான் பொலேத், அந்தக் காலத்துக் கை" என்பார். பொலேத்துக்கு அது கையாகவே தெரியாது.

ஆனால் அவள் தடுத்ததில்லை. குடிக்கிறவர் இல்லை, சீட்டாடுகிறவர் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று முடி மட்டும் மிச்சமிருக்கிற தூரிகையால் ஓர் அங்குலத்து மனிதனுக்குக் கால்சட்டை வரைந்துகொண்டிருப்பார். பதினொரு வருடம் வரைந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் முடித்திருந்தார். பழுப்பு, செம்மண், மங்கின மஞ்சள், மறுபடி பழுப்பு. புத்தகம் பார்த்துத்தான் போடுவார்.

வினை வந்தது அடித்தட்டில். இந்த வீரர்கள் தனியாக நிற்கமாட்டார்கள். கால்களுக்கு அடியில் ஒரு தட்டு ஒட்ட வேண்டும். லூயி ஒவ்வொருவனையும் தனித்தனி அட்டைத் துண்டில் ஒட்டி வைத்திருந்தார். அவரோடு விளையாடுகிற ஒரே மனிதர் சேஷாசலம், சென்னைக்காரர், ஒரு மென்பொருள் கம்பெனிக்காகப் பத்து வருடமாய் இந்த ஊரில் இருக்கிறவர். அவர் இனிமேல் புது விதிப் புத்தகத்தின்படிதான் சண்டை என்று அறிவித்துவிட்டார். புது விதியில் நாலு பேருக்கு ஒரு தட்டு, தட்டு ஆறு சென்டிமீட்டர் அகலம். இதில் அரை சென்டிமீட்டர் தவறினாலும் சேஷாசலம் உதட்டைப் பிதுக்குவார்.

ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் பழைய அட்டையிலிருந்து பெயர்த்துப் புதுத் தட்டில் ஒட்ட வேண்டும். லூயி பேனாக்கத்தியால் நெம்பினார். முதல் நாளில் மூன்று பேருக்குக் கணுக்கால் முறிந்தது. நாலாவதாக லூயிக்குக் கட்டைவிரல் கிழிந்தது.

"சூப்பர் குளுதானே போட்டிருக்கீங்க?" என்றாள் பொலேத், விரலுக்குக் கட்டுப்போட்டபடி. "கடையில நாங்க ஒட்டு நகத்த என்ன கத்தி போட்டா பேக்குறோம்? அசிட்டோன்ல வச்சா அஞ்சு நிமிஷத்துல தானா கழண்டுக்கும்."

லூயி ஒரு தட்டில், நகப்பூச்சை அழிக்கிற அந்த அசிட்டோனைக் காகிதக் கனத்துக்கு ஊற்றி, பத்துப் பேரை அதில் பாதம் மட்டும் நனைய நிற்கவைத்துப் பார்த்தார். கழன்றது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மீன் தலையை அவரே எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. தெத் என்கிற புத்தாண்டுப் பண்டிகை முடிந்த வாரம் நகக் கடைகளில் ஈ ஓட்டுவார்கள். பண்டிகைக்குப் போட்ட பூச்சு எல்லாருக்கும் அப்படியே இருக்கும். லூயி ஆபீஸுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சண்டை. பத்துப் பத்தாக வைத்தால் இந்த மனுஷன் எப்போது முடிப்பது என்று பொலேத் யோசித்தாள். கடையில் கால் ஊறவைக்கிற பெரிய பேசின் சும்மா கிடந்தது. அதை மாடிக்குத் தூக்கிவந்து, எல்லாரையும் அதில் போட்டு, தலை முழுகுகிற மட்டும் அசிட்டோனை ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, வராதது வந்த மாதிரி வந்த ஒரு கல்யாணப் பெண்ணைக் கவனிக்கக் கீழே இறங்கினாள். நன்றாக ஊறட்டும் என்று நினைத்தாள். ஊறவைப்பது அவள் தொழில்.

இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது பேசினில் சைகோன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது, மழைக்காலத்து நிறத்தில். அவள் கையை விட்டு ஒருவனை வெளியே எடுத்தாள். அடியில் அட்டை இல்லை. மேலே கால்சட்டையும் இல்லை, தாடியின் கறுப்பும் இல்லை, முகமும் இல்லை. அப்போதுதான் பிறந்தவன்போல மொட்டை ஈயமாக, கையில் ஈட்டியோடு அவளையே பார்த்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருநூற்றுப் பதினொரு பேர்.

"ஐயோ மாதாவே" என்றாள் பொலேத். பதினொரு வருடம்.

லூயி வந்ததும் அவளே சொன்னாள். மறைக்கிற ஜாதி இல்லை அவள்.

"எல்லாமா?" என்றார் லூயி.

"எல்லாந்தாங்க."

"குதிர?"

"குதிரயும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை கத்தி, விஷயம் ஆறியிருக்கும். அவர் ஒருவனைக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "இவனுக்கு எடது கண்ணு கொஞ்சம் ஏறிப்போயிருந்துச்சு. ஒரு வருஷமா மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்" என்றார். பிறகு படுக்கப் போய்விட்டார். மணி ஆறரை.

அவள் வாசலில் நின்று, "ஞாயித்துக்கெழம என்னா செய்யிறது?" என்றாள்.

"சேஷா சாருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடு. சாயம் பூசாத ஆளு அவரு மேசையில ஏறக்கூடாது. அது அவரோட சட்டம்."

இங்கேதான் பொலேத்துக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் சேஷாசலம் இந்த வீட்டுக்கு வந்து, அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டு, லூயியின் படையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு, ஆனா எல்லாரும் கோணிப்பை கட்டின மாதிரி இருக்காங்க" என்று சொன்னவர். லூயி சிரித்தார். பொலேத் சிரிக்கவில்லை. பத்து வருடமாக அவளே அதை ஈயப்பொம்மை என்றுதான் சொல்லிவந்தாள். ஆனால் அவள் சொல்லலாம். இந்த மனிதருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்வதா?

அவள் போன் போடவில்லை.

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் பேசினைத் தூக்கிவந்து ஹான் முன்னால் வைத்தாள். ஹானுக்கு நாற்பத்தொரு வயது. இருபது வருடமாய் நகத்தில் பூப்போடுகிறவள். சுண்டுவிரல் நகத்தில் தாமரைக்குளம் வரைந்து அதில் இரண்டு மீனும் விடுவாள். அவளுக்குப் பிடிக்காத நிறம் கேட்கிற வாடிக்கைக்காரியை வேறு நாற்காலிக்கு அனுப்பிவிடுவாள்.

"இவனுக்கு நகமே இல்லையே கோ" என்றாள் ஹான். கடையில் எல்லாரும் பொலேத்தை, அத்தை என்கிற அர்த்தத்தில், 'கோ' என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க பூசுறது?"

"ஆளுக்கே பூசணும். தல, மூஞ்சி, துணிமணி எல்லாத்துக்கும்."

"எத்தன பேரு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

ஹான் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "இருபத்தோரு பொம்பளைங்க, அதுக்கு மேல ரெண்டு வெரலு" என்றாள். "சும்மாத்தானே உக்காந்திருக்கோம்." மற்ற மூன்று பெண்களும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்கள்.

லூயியின் நிறப் பட்டியல் ஒன்றை பொலேத் எடுத்து வந்திருந்தாள். ஹான் அதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். கடையில் நூற்று நாற்பது நிறம் உண்டு. அதில் ஒன்றுகூட இந்தப் பழுப்பு இல்லை. சேற்றைக் குழைத்து நகத்தில் பூசு என்று இந்த ஊரில் எவள் கேட்கப்போகிறாள்? இருக்கிறதைப் போடலாம் என்றாள். இருந்தது பவளம், மாம்பழ மஞ்சள், புதினாப் பச்சை, வாடாமல்லி. தோலுக்கு மட்டும் கவலை இல்லை. மணப்பெண்களுக்குப் போடுகிற சந்தன நிறம் ஒன்று பாட்டில் பாட்டிலாக இருந்தது.

வேலை என்னமோ பறந்தது. அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் பிறகு வீரர்கள் பத்துப் பத்துப் பேராக விளக்குப் பெட்டிக்குள் போய் ஒரு நிமிஷம் நீல வெளிச்சத்தில் காய்ந்து வந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் கணுக்கால் வரைக்கும் அங்கி. தாடி வைத்துக் கவுன் போட்டிருக்கிறானே, இவன் ஆணா பெண்ணா என்று தூயெத் என்கிற பெண் கேட்டாள். ஆண்தான், சிப்பாய் என்றதும், பாவம் என்று எல்லாருக்கும் இமைமயிர் வரைந்துவிட்டாள். அதனால் படை மொத்தமும் எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொலேத் பக்கத்துக் கடையில் ஐஸ் காபி வாங்கிவரப் போனாள். திரும்பி வருவதற்குள் ஹான், வெற்று அங்கி பார்க்க நன்றாக இல்லை என்று தானாக முடிவெடுத்து, ஊசிமுனைப் புள்ளிக் கம்பியால் பூப்போட ஆரம்பித்திருந்தாள். ஐந்து இதழ், நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. அவள் கை தூக்கத்தில்கூடப் போடுகிற பூ அது. நாற்பது பேருக்கு முடிந்திருந்தது.

"ஹான்! சண்டைக்குப் போறவனுக்கு யாராச்சும் பூப்போட்ட சட்ட போடுவாங்களா?"

"சாகப் போறவன் நல்லதா ஒண்ணு உடுத்திட்டுப் போகட்டுமே" என்றாள் ஹான், நிமிராமலே.

நாற்பதை விட்டு மிச்சத்தை வெறுமையாக வைத்தால் இன்னும் கேவலம். பொலேத் காபியை வைத்துவிட்டு, "குதிரைக்காவது ஜிகினா வேணாம்" என்று மட்டும் சொன்னாள். ஒரு குதிரைக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

லூயி இந்த நாட்களில் கடைப்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ஆபீஸ் போனார், வந்தார். கை சும்மா இருக்காமல் தட்டுகளை மட்டும் வெட்டி, பசை தடவி, வுங் டாவ் கடற்கரையிலிருந்து எப்போதோ அள்ளிவந்த மணலைத் தூவி, வரிசையாகக் காயவைத்தார். ஆளில்லாத ஐம்பத்து மூன்று தட்டுகள் மேஜைமேல் காத்திருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைக் கீழே கூப்பிட்டாள். கடை மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து, படை அணிவகுத்து நின்றது. மேல்பூச்சில் விளக்கு பட்டு மின்னியது. நாலு பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்று லூயியின் முகத்தையே பார்த்தார்கள்.

லூயி நெடுநேரம் பார்த்தார். பொலேத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்து, தமிழில், மெதுவாக, "இது படையில்ல பொலேத். கல்யாண ஊர்வலம்" என்றார்.

"அவங்க மூணு நாளா குனிஞ்ச தல நிமிரல" என்றாள் அவள், அதே மெதுவான குரலில்.

லூயி தலையாட்டினார். பிறகு நாலு பேருக்கும் தனித்தனியாக, ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து, "மெர்சி" என்று நன்றி சொன்னார். ஹான் கையைப் பிடித்தவர் விட மறந்துவிட்டார். அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

போன் போடவில்லை என்பதை பொலேத் அப்புறம்தான் சொன்னாள். லூயிக்கு மறுப்புச் சொல்லத் தெம்பில்லை. சாப்பாட்டுக்குமுன் உட்கார்ந்து, நாலு நாலு பேராகத் தட்டில் ஒட்டி முடித்தார்.

ஞாயிறு பூசை முடிந்து, லூயி ஹோண்டாவை ஓட்ட, பொலேத் பின்னால் படையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, ஒங் லான் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். வழக்கமாகப் பெட்டியை இருக்கையில் கட்டிக்கொண்டு அவர் ஒருவராகத்தான் போவார். இந்த முறை பொலேத் நானும் வருகிறேன் என்றாள். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று நேரில் கேட்கவேண்டியிருந்தது.

சண்டை நடக்கிற இடம் டோங் டு தெருப் பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில், ஒரு காபிக்கடையின் மாடி. சேஷாசலம் முன்னமே வந்து பச்சைத் துணி விரித்து, பாரசீகத்தின் பழைய எதிரிகளான தன் மாசிடோனியர்களை நிறுத்தியிருந்தார். அவர்களுடைய கேடயங்களில் தூசி படிந்த மாதிரிக்கூட வரைந்திருந்தது. லூயி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து வைக்க வைக்க, சேஷாசலத்தின் புருவம் ஒவ்வொரு மயிராக மேலே ஏறியது.

"லூயி சார்," என்றார் கடைசியில். "இது என்ன சார்?"

"பாரசீகம்" என்றார் லூயி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"சாயம் பூசியாச்சுல்ல?" என்றாள் பொலேத். "உங்க சட்டம் அதானே?"

"பூசியாச்சு மேடம். அதுல ஒண்ணும் சொல்ல முடியாது."

தட்டின் அகலத்தை அளந்தார். ஆறு சென்டிமீட்டர். பகடையை எடுத்தார்.

பொலேத் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விளையாட்டு அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. அளவுகோல் வைத்து நகர்த்துகிறார்கள். முட்டிக்கொண்டால் ஆளுக்கொரு பகடை. பெரிய எண் விழுந்தவன் நிற்கிறான், மற்றவன் பின்வாங்குகிறான், ரொம்பக் குறைந்துபோனால் தட்டோடு வெளியே போகிறான். ஒன்பது வருடமாக இந்த மேஜையில் லூயி தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

இன்றைக்கு லூயியின் முகத்தில் ஒரு வெறுப்பு இருந்தது. சீக்கிரம் முடிந்தால் சரி, வீட்டுக்குப் போகலாம் என்கிற முகம். முதல் முறையிலேயே வலதுபக்கக் குதிரைப்படை மொத்தத்தையும் எடுத்து, அளவுகோல் போகிற தூரம் வரைக்கும் முன்னால் தள்ளினார்.

சேஷாசலம் நிமிர்ந்தார். "குதிரையயா? நீங்க எப்பவும் குதிரைய கடைசி வரைக்கும் பின்னாடியே வச்சிருப்பீங்களே!"

"போகட்டும்" என்றார் லூயி.

அதோடு பொலேத்துக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த மனிதர் குதிரையைப் பின்னால் நிறுத்தியது பயத்தில் இல்லை. முன்னால் போனால் முட்டும், முட்டினால் ஈட்டி வளையும், சாயம் உரசும். பழைய வார்ப்பு, கிடைக்காது. அவர் படையைச் சண்டைக்கு இல்லை, பத்திரமாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகத்தான் கொண்டுவந்திருக்கிறார். இன்றைக்கு உரச என்ன இருக்கிறது? வாடாமல்லிப் பூ. உரசட்டும்.

ஜிகினாக் குதிரை முதலில் போய் முட்டியது. லூயிக்கு ஆறு, சேஷாசலத்துக்கு ஒன்று. தூசி படிந்த கேடயக்காரர்கள் தட்டோடு மேஜையை விட்டு இறங்கினார்கள். அடுத்த முட்டலில் இன்னொரு தட்டு. அரைமணி நேரத்தில் சேஷாசலத்தின் இடதுபக்கம் காலியாகி, அந்த இடத்தில் இமைமயிர் வைத்த குதிரைக்காரர்கள் நின்று திடுக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சேஷாசலம் சட்டைக் கையை மடித்துவிட்டார். பொலேத் முக்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"நடுவுல ஓட்ட இருக்கு, அதுல விடுங்க" என்றாள்.

"பேசக்கூடாது மேடம்" என்றார் சேஷாசலம்.

லூயி அந்த ஓட்டையில்தான் விட்டார். சேஷாசலம் அதைச் சமாளித்து, ஒரேயொரு பாரசீகத் தட்டை அடித்து வெளியேற்றினார். அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனவர் வைக்கவில்லை. கண்ணருகே கொண்டுபோனார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நாலு பேரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"சார், உங்க முறை" என்றார் லூயி.

"ஒரு நிமிஷம் சார். ஒரே நிமிஷம்." அவர் குரல் மாறியிருந்தது. போனை மேஜைமேல் வைத்தார். பாரசீக ராஜா ஒருவனின் அரண்மனைச் சுவர். மெருகு ஏற்றின செங்கல்லில் காவல்வீரர்கள் ஈட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். கணுக்கால்வரை அங்கி. அங்கி முழுக்கப் பூ. மஞ்சளிலும் பச்சையிலும் வெள்ளையிலும், வட்ட வட்டமாக, வரிசை வரிசையாக.

"ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் சார்! அவங்க பூப்போட்டுத்தான் நின்னிருக்காங்க. நாமதான் அவங்களுக்குக் கோணிப்பை கட்டிவிட்டுட்டோம். லூயி சார், நீங்க இதப் பாத்துத்தானே பண்ணீங்க?"

லூயி போனைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். "ஆமா... எங்கயோ படிச்ச ஞாபகம்..." என்று ஆரம்பித்தார். பொலேத் அவரைப் பார்த்தாள். "இல்ல சார்" என்றார் உடனே. "நான் ஒண்ணும் பண்ணல. ஹான்னு ஒருத்தங்க. இவ கடையில பூப்போடுறவங்க."

"அந்தம்மா எங்க படிச்சாங்க?"

"நகத்துல" என்றாள் பொலேத்.

சேஷாசலம் பூதக்கண்ணாடியை லூயியிடம் நீட்டினார். லூயி அப்போதுதான் தன் படையை முதல்முதலாகப் பார்த்தார். ஒரு பூவைப் பார்த்தார். அந்தப் பூவின் ஐந்து இதழையும் எண்ணினார். அந்தத் துடுப்புக் கையின் மடிப்பில்கூட, துணி மடிகிற இடத்தில், பூ பாதியாக மடிந்து போயிருந்தது. "மோன் தியே" என்றார், பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு. கண்ணாடி ஒரு ஆளிடமிருந்து அடுத்த ஆளுக்குப் போனது. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பொலேத்துக்கு நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது.

இறங்கின வேகத்தில் வேறொன்று ஏறியது. ஆட்டம் மறுபடி ஆரம்பித்ததும், லூயி கையை நீட்டி, எதிரியின் நடுவயிற்றில் நிற்கிற குதிரைப்படையை இரண்டு விரலால் பூப்போல எடுத்து, முழுசாக ஓர் அளவுகோல் தூரம் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.

"என்னாங்க இது? எதுக்குப் பின்னால இழுக்குறீங்க?"

"இல்ல, கொஞ்சம் ஒழுங்கு பண்ணிட்டு..."

"என்னா ஒழுங்கு? இன்னும் ரெண்டு முட்டுல அவுரு கத முடிஞ்சிருமே!"

"மேல்பூச்சு ஒரசும் பொலேத்" என்றார் லூயி, ரகசியமாக. "சேஷா சார், பாத்து சார், ஈட்டியப் புடிச்சுத் தூக்காதீங்க, தட்டப் புடிங்க."

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. பாரசீகர்கள் அழகாகப் பின்னால் போய், மேஜை ஓரத்தில், ஒருவர்மேல் ஒருவர் படாமல் நின்றார்கள். மாசிடோனியர்கள் நிதானமாக நடந்து வந்து அவர்களை ஒவ்வொரு தட்டாக வெளியே அனுப்பினார்கள். வெளியே வந்த ஒவ்வொரு தட்டையும் லூயி சந்தோஷமாக வாங்கிப் பஞ்சுக்குள் வைத்தார். முக்கால் மணியில் தோற்று முடிந்தது. இரண்டு ஆண்களும் கட்டிக்கொண்டார்கள். பெட்டியை மூடியது பொலேத். மூடின சத்தத்தில் கீழே காபிக்கடைக்காரர் மேலே பார்த்தார்.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் நெரிசல். ஹோண்டா நகரவில்லை. லூயி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குதிர, ஒரு தடவைக்கு எவ்ளோ தூரம் போலாம்?" என்றாள் பொலேத் பின்னாலிருந்து.

"இருவது சென்டி."

"ஓட்ட வழியா உள்ள பூந்து, பின்பக்கமா திரும்பி முட்டுனா?"

பாட்டு நின்றது. "அப்ப எதிராளிக்குப் பகடையில ரெண்டு கொறையும். ஏன் கேக்குற?"

"அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க உக்காந்து பாருங்க. நான் ஆடுறேன்."

அப்படித்தான் நடந்தது. அடுத்த ஞாயிறு பொலேத் மேஜை முன்னால் நின்றபடியே ஆடினாள். உட்கார்ந்து ஆட அவளுக்குக் கை வரவில்லை. நாலு நாற்காலியில் நாலு பேரை உட்காரவைத்து, வாசலில் ஆறு பேரைக் காக்கவைத்து, இருபது வருடம் கடை நடத்தினவள். எங்கே இடம் காலியாகிறது, அங்கே யாரை உடனே அனுப்பவேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முட்டுகிற ஒவ்வொரு முறையும் லூயி எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவார். சத்தம் அடங்கியதும் தலையை மட்டும் நீட்டி, "எத்தன பேரு?" என்பார். "பேசாம இருங்க" என்பாள் அவள், பகடையைக் குலுக்கியபடி. ஒன்றேகால் மணி நேரத்தில் சேஷாசலத்தின் ராஜா, தட்டோடு, காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தார்.

சேஷாசலம் தோல்வியை உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் கழித்து எழுந்து வந்து, மேடம் தன் காலாட்களில் ஒரு வரிசையை ஆரம்பத்திலிருந்தே குதிரையின் வேகத்தில் நகர்த்தியிருக்கிறார், தானும் அதைக் கவனிக்கவில்லை என்று அறிவித்தார்.

"நடந்து போறவன் ஓடக்கூடாதா?" என்றாள் பொலேத்.

அரைமணி நேரம் வாதாடி, கடைசியில் சமம் என்று முடிவாயிற்று. சேஷாசலம் கிளம்பும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஹான் வழக்கம்போல வந்து, செருப்பைக் கழற்றி, தூரிகைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "நம்ம ஆளுங்க எப்படி, ஜெயிச்சாங்களா?"

பொலேத் துடைத்துக்கொண்டிருந்த பேசினைக் கீழே வைத்தாள்.

"ஜெயிச்சாங்க," என்றாள். "ஆனா அந்த ஆளு புஸ்தகம் வச்சிருக்காரு."